வெள்ளையரா, யூதரா, இரண்டுமா? அமெரிக்க யூதர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது எதை

பியூ ஆய்வு மையம் 2020இல் அமெரிக்க யூதர்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் 92 விழுக்காட்டினர் தங்களை வெள்ளையர் என்று சொன்னார்கள். கணக்கெடுப்பில் அப்படிச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் பத்துப் பேரை ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் வகுப்பறையில் வட்டமாக உட்கார வைத்து இதே கேள்வியைக் கேட்டால் இரண்டு மணி நேரம் போதாது. என் தாத்தா வந்திறங்கியபோது அவரை யாரும் வெள்ளையராக மதிக்கவில்லையே என்பார் ஒருவர். தாத்தா கதை இருக்கட்டும், போலீஸ்காரர் உன் காரை நிறுத்தும்போது உன்னை என்னவாகப் பார்க்கிறார் என்பார் அடுத்தவர். 2017இல் சார்லட்ஸ்வில் நகரில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு, யூதர்கள் எங்கள் இடத்தைப் பிடிக்க விடமாட்டோம் என்று கோஷமிட்ட வெள்ளை இனவாதிகள் நம்மை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்களா என்று மூன்றாமவர் கேட்பார். இதெல்லாம் ஓய்கிறவரை, அறையில் ஒரு கறுப்பின யூதப் பெண் இருந்தால், அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இப்படிப்பட்ட சிறுகுழு உரையாடல்கள் அமெரிக்க யூதச் சமூகத்துக்குப் புதிதல்ல. என்றாலும் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு அவற்றுக்கு வேகம் கூடியது. அந்த ஆகஸ்டில் 600க்கும் மேற்பட்ட யூத அமைப்புகள் கறுப்பின உயிர்களும் மதிப்புள்ளவை என்ற இயக்கத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி உறுப்பினர்களிடம் என்ன பேசுவது? அதற்குத்தான் வட்டங்கள். எட்டுப் பேர், பத்துப் பேர், பன்னிரண்டு பேர். வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ கூடுவார்கள். பேச்சை நடத்திச் செல்ல ஒருவரோ இருவரோ இருப்பார்கள். முன்கூட்டியே படிக்க ஒரு பகுதி தரப்படும். தன் அனுபவத்திலிருந்து பேச வேண்டும், அறைக்குள் கேட்டதை வெளியே பெயர் சொல்லிப் பரப்பக் கூடாது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது என்று சில விதிகள்.

இந்த முறைக்கே ஒரு யூதப் பின்னணி உண்டு. அதில் பங்கெடுக்கிறவர்களில் பலருக்கே அது தெரியாது. கர்ட் லெவின் பெர்லினில் பேராசிரியராக இருந்த உளவியலாளர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். தாயை மீட்க முடியவில்லை. அவர் நாஜிகளின் முகாமில் கொல்லப்பட்டார். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சி குறைந்தபோது, மாட்டு இதயம், சிறுநீரகம் போன்றவற்றை மக்களைச் சாப்பிட வைப்பது எப்படி என்ற ஆராய்ச்சி லெவினிடம் வந்தது. (மதுரைப் பக்கம் இதற்கு ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.) இல்லத்தரசிகளில் ஒரு பகுதியினருக்கு நல்ல சொற்பொழிவு ஒன்றைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர்தான் வீட்டில் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர் சமைத்தார்கள். ஒருவர் தனியாகத் தன் பழக்கத்தை மாற்றுவதைவிட, தான் சார்ந்த குழுவோடு சேர்ந்து மாற்றுவது எளிது என்று லெவின் சொல்லிவந்ததற்கு இது வலுச் சேர்த்தது.

அப்புறம் அவர் அமெரிக்க யூதக் காங்கிரஸ் என்ற யூத அமைப்புக்காக, சமூகங்களுக்கு இடையிலான உறவை ஆராயும் ஒரு பிரிவைத் தொடங்கினார். 1946 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில், இனப் பாகுபாட்டை எதிர்கொள்வது பற்றி ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். பகலில் குழுக்கள் பேசும். இரவில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, இன்று யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளை ஒப்பிடுவார்கள். ஓரிரவு பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் உட்காரலாமா என்று கேட்க, லெவின் சரி என்றார். தன்னைப் பற்றி ஓர் ஆய்வாளர் சொன்னதைக் கேட்ட ஒரு பெண், அப்படி நடக்கவே இல்லை என்று மறுத்தார். வாக்குவாதம் சூடுபிடித்தது. பகல் வகுப்புகளைவிட இந்த இரவுப் பேச்சில்தான் ஆட்கள் அதிகம் கற்றார்கள். லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவருடைய மாணவர்களும் நண்பர்களும் அந்தக் கோடையிலேயே மெய்ன் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில் இதை ஒரு முறையான பயிற்சியாக்கினார்கள். இன்று அலுவலகங்களில் நடக்கிற குழுப் பயிற்சிகள், பல்கலைக்கழகங்களில் நடக்கிற இன உரையாடல் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வேர் அங்கே போகிறது.

அவற்றில் ஒழுங்காக வளர்ந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய திட்டம். இரண்டு சமூகத்திலிருந்தும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் மாணவர்கள், இரு தரப்புக்கும் ஒவ்வொரு நடத்துநர், ஒரு பருவம் முழுக்கச் சந்திப்பு. முதலில் பழக்கம், பிறகு அவரவர் கதை, அதற்குப் பிறகுதான் சூடான தலைப்புகள். நல்ல வடிவம்தான். ஆனால் இது இரண்டு தரப்பு இருப்பதாக வைத்துக்கொள்கிறது. இதையே யூதர் - கறுப்பினத்தவர் உரையாடல் என்று மாற்றி நடத்தும்போது இந்தப் பக்கம் யூதர், அந்தப் பக்கம் கறுப்பினத்தவர் என்று நாற்காலி போட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த வட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டுமாக இருக்கிறவர் எந்த நாற்காலியில் உட்காருவார்?

அதற்குப் போகுமுன், வெள்ளையரா என்ற கேள்வி ஏன் அவ்வளவு சிக்கலானது என்று பார்த்துவிடலாம். 1790இல் வந்த அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை என்றது. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அந்த வாசலில் நிறுத்தப்படவில்லை. 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்கு, நீ வெள்ளையன் அல்ல என்று உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்ததே, அப்படி ஒரு தீர்ப்பை அவர்கள் சந்திக்க நேரவில்லை. சட்டப்படி வெள்ளையர். சமூகத்தில் வேறு கதை. 1915இல் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதத் தொழிற்சாலை மேலாளரைச் சிறையிலிருந்து கடத்திக்கொண்டு போய்க் கும்பல் தூக்கிலிட்டது. 1920களில் யூத மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க ஹார்வர்ட் வழி தேடியது. வீட்டுப் பத்திரங்களிலேயே, கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் விற்கக் கூடாது என்று எழுதிய காலம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. போர்வீரர்களுக்கு அரசு தந்த கல்வி உதவியும் வீட்டுக் கடன் உத்தரவாதமும் யூதக் குடும்பங்களைப் புறநகர் நடுத்தர வர்க்கத்துக்கு ஏற்றிவிட்டன. அதே திட்டத்தின் கீழ் கறுப்பின வீரர்களுக்குக் கடன் கிடைப்பது அரிதாக இருந்தது. லெவிட்டவுன் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு விலை வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டி அமெரிக்கப் புறநகர் வாழ்க்கைக்கே முகம் கொடுத்த வில்லியம் லெவிட் ஒரு யூதர். கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டேன் என்பது அவருடைய நிறுவனத்தின் வெளிப்படையான கொள்கை. பென்சில்வேனியாவில் இருந்த லெவிட்டவுனில் 1957இல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் முன்பு அங்கே வசித்தவரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியபோது, இரவுக்கிரவு கும்பல் கூடிக் கல்லெறிந்தது. அவர்களுக்குத் துணை நின்ற அடுத்த வீட்டு வெக்ஸ்லர் குடும்பமும் யூதர்கள்தான். ஒரே ஊர்க் கதையில் கதவைப் பூட்டியவரும் யூதர், கதவருகே காவல் நின்றவரும் யூதர். இந்த உரையாடல்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்று தோன்றுகிறது. வெக்ஸ்லரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் சபலத்தை இது தடுக்கும்.

அந்தச் சபலம் சாதாரணமானதல்ல. கறுப்பினத்தவரின் சம உரிமைக்காக 1963இல் நடந்த வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சற்று முன் பேசியவர் ரபி (யூத மதகுரு) யோவாகிம் பிரின்ஸ். பெர்லினில் ஹிட்லர் காலத்தைக் கண்டு தப்பி வந்தவர். மிகப் பெரிய கேடு மௌனம்தான் என்று அந்த மேடையில் சொன்னார். 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் 16 ரபிகள் இனப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி, நாங்கள் ஏன் போனோம் என்று சிறையிலிருந்தே ஒரு கடிதம் எழுதினார்கள். சில நாளிலேயே மிசிசிப்பியில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக உழைத்த ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர், ஜேம்ஸ் சேனி மூவரும் கொல்லப்பட்டார்கள். முதல் இருவர் நியூயார்க் யூத இளைஞர்கள், சேனி அந்த மண்ணின் கறுப்பின இளைஞர். 1965இல் அதே வாக்குரிமைக்காக அலபாமாவில் நடந்த செல்மா ஊர்வலத்தின் முதல் வரிசையில் வெண்தாடியோடு ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷெல் நடந்தார். அந்தப் புகைப்படம் இன்றும் எத்தனையோ தொழுகைக்கூடச் சுவர்களில் இருக்கிறது. இந்த வரலாறு உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் வட்டத்தில் ஒருவர் கறுப்பினத் தோழரிடம் செல்மாவை எடுத்து நீட்டினால், அது பழைய கடன் சீட்டை நீட்டுவது போல ஆகிவிடுகிறது. தெற்கத்தி நகரங்களில் வாழ்ந்த யூதர்களில் பலர் அந்த ஆண்டுகளில் அஞ்சி ஒதுங்கியே இருந்தார்கள் என்பது படத்தில் இல்லாத செய்தி.

அதற்குப் பிறகு நடந்ததும் படத்தில் இல்லை. 1968இல் நியூயார்க்கின் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் பகுதியில் பள்ளிகளை உள்ளூர்ச் சமூகமே நிர்வகிக்கும் சோதனை நடந்தது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த நிர்வாகக் குழு சில ஆசிரியர்களை வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஆல்பர்ட் ஷாங்கர் தலைமையிலான ஆசிரியர் சங்கம் அந்த இலையுதிர் காலத்தில் மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தது. ஒரு தரப்புக்கு அது வேலைப் பாதுகாப்பு, மறு தரப்புக்குத் தங்கள் பிள்ளைகளின் பள்ளி. யூத வெறுப்புத் துண்டறிக்கைகள் பரவின, சங்கமே அவற்றை லட்சக்கணக்கில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்து அச்சத்தைப் பெருக்கியது. 1991இல் அதே நகரின் கிரவுன் ஹைட்ஸ் பகுதி. ஹசிதியர் எனப்படும் தீவிர மரபு யூதர்களின் வாகன அணி ஒன்றில் வந்த கார் மோதி ஏழு வயதுக் கறுப்பினச் சிறுவன் கேவின் கேட்டோ இறந்தான். அதையடுத்த கலவரத்தில் யாங்கெல் ரோசன்பாம் என்ற யூத மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். இவற்றைச் சந்தித்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இதே வட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இளையவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்களே தெரியாது.

பேசும் முறைக்கு யூத மரபிலேயே சரக்கு உண்டு. இருவராக உட்கார்ந்து ஒரு பகுதியை வாய்விட்டு வாதாடிப் படிப்பதை ஹவ்ருத்தா என்பார்கள். பழைய ரபிகளின் வாதங்களைத் தொகுத்த தல்மூது என்ற நூலில், ஹில்லேல் என்ற ஆசிரியரின் மரபினரும் ஷம்மாய் என்ற ஆசிரியரின் மரபினரும் மூன்றாண்டு வாதிட்டபோது வானத்திலிருந்து ஒரு குரல், இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் சொற்களே, ஆனால் நடைமுறையில் ஹில்லேலின் முடிவே செல்லும் என்றதாம். ஏன்? அவர்கள் எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் வைத்தார்கள். நடத்துநர்கள் இந்தப் பகுதியை விரும்பி எடுப்பார்கள். எடுக்க எளிதானது, எல்லோரும் தலையாட்டுவார்கள்.

எனக்குப் பிடித்தது அதே தல்மூதில் வரும் இன்னொரு கதை. ரெஷ் லாகிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரன். ரபி யோகனான் அவனைத் திருத்தி, தன் தங்கையையே மணமுடித்துக் கொடுத்து, பெரிய அறிஞனாக்கினார். ஒருநாள் வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் செய்து முடிந்த பொருளாகின்றன என்று வாதம் வந்தது. ரெஷ் லாகிஷ் மாற்றுக் கருத்துச் சொல்ல, கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா என்று சொல்லிவிட்டார் யோகனான். அந்த ஒரு சொல்லில் நட்பு முறிந்தது. ரெஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்துபோனார். யோகனானைத் தேற்ற வேறோர் அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோகனான் சொன்னதற்கெல்லாம், ஆமாம், உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது என்றார். யோகனான் புலம்பினார்: நான் ஒன்று சொன்னால் ரெஷ் லாகிஷ் 24 மறுப்புகள் சொல்வான், நான் 24 பதில்கள் சொல்வேன், பாடம் அப்படித்தான் விரிந்தது, நான் சொன்னது சரி என்பது எனக்குத் தெரியாதா என்ன? மறுப்பவன் வேண்டும், ஆனால் அவனுடைய பிறப்பையும் பழைய கதையையும் வாதத்துக்குள் இழுத்தால் மறுப்பவனே இல்லாமல் போவான். உரையாடல் விதிகளைப் பத்துப் பக்கம் அச்சடிப்பதைவிட இந்த ஒரு பக்கம் மேல்.

இப்போது அந்த நாற்காலிப் பிரச்சினைக்கு வரலாம். வெள்ளையரல்லாத யூதர்கள் எத்தனை பேர் என்பதே ஒரு சண்டையாக இருந்தது. 2019இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் குழு ஒன்று, பழைய கணக்கெடுப்புகள் இவர்களைச் சரியாக எண்ணவே இல்லை, குறைந்தது 12 முதல் 15 விழுக்காடு இருப்பார்கள் என்றது. அடுத்த ஆண்டு இரண்டு மக்கள்தொகை வல்லுநர்கள், இல்லை, 6 விழுக்காடுதான் என்று எழுத, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டிய நேரத்தில் அது பெரும் மனக்கசப்பாகியது. பியூ கணக்கில் 8 விழுக்காடு. 30 வயதுக்கு உட்பட்டவர்களில் மட்டும் பார்த்தால் 15 விழுக்காடு. யூதர்கள் வாழும் வீடுகளில் இன்னொரு கணக்கு உண்டு: வெள்ளையரல்லாத ஒருவராவது உள்ள வீட்டில் வாழ்பவர்கள் 17 விழுக்காடு. மதம் மாறியவர்கள், தத்தெடுக்கப்பட்டவர்கள், கலப்பு மணத்தில் பிறந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக யூதர்களாகவே இருக்கும் கறுப்பினத்தவர் எல்லோரும் இதில் அடக்கம். சியோலில் பிறந்த ஏஞ்சலா புக்டால் இன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற சென்ட்ரல் தொழுகைக்கூடத்தின் தலைமை ரபி. அலிசா ஸ்டாண்டன் 2009இல் ரபியாகப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்.

அப்படியிருந்தும் வாசலில் கேள்வி நிற்கவில்லை. நீங்கள் எப்படி யூதர் ஆனீர்கள்? மதம் மாறினீர்களா? வேலையாள் என்று நினைத்து, சமையலறை அந்தப் பக்கம் என்று வழி காட்டுவதும் உண்டு. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளையரல்லாத யூதர்களைக் கேட்டபோது 80 விழுக்காட்டினர் யூத இடங்களிலேயே பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதிலளித்தவர்கள் என்பதால் அதை ஒட்டுமொத்தச் சமூகத்துக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. ஆனாலும் சின்ன எண் அல்ல. 2018இல் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வாசலில் ஆயுதக் காவலர்கள் வந்தார்கள். வெள்ளைத் தோல் உறுப்பினருக்கு அந்தக் காவலர் நிம்மதி. கறுப்பின உறுப்பினருக்கு, தன்னையே சந்தேகப் பார்வை பார்க்கப் போகிற இன்னொரு துப்பாக்கிக்காரர். இரண்டு அச்சமும் உண்மையானவை. இதை ஒரே மேசையில் வைத்துப் பேச இந்தச் சிறு வட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. யூதரும் கறுப்பினத்தவரும் எதிரெதிரே உட்காரும் அமைப்பில் இந்தக் கேள்வி எழவே எழாது.

நிறத்தால் தரம் பிரிப்பது அமெரிக்கா கற்றுக்கொடுத்த வழக்கம் மட்டுமல்ல. நமக்குப் பக்கத்தில் கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடத்தில், வெள்ளை யூதர்கள் எனப்பட்டவர்கள் கறுப்பு யூதர்கள் எனப்பட்ட மலபார் யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் அங்கே பெஞ்சில் உட்காரக் கூடாது, யூத வேதமான தோராவை வாசிக்க அழைக்கப்படவும் மாட்டார்கள். அந்த வகுப்பில் பிறந்த ஏ. பி. சேலம் சென்னையில் சட்டம் படித்தவர், காந்தியவாதி. தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனாலும் 1950இல் அவருடைய மகன் வெள்ளை யூதக் குடும்பப் பெண்ணை மணந்தபோது திருமணத்தைப் பம்பாயில்தான் நடத்த வேண்டியிருந்தது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதற்கும் காசா போருக்கும் பிறகு அமெரிக்க வட்டங்களின் நிலை இன்னும் கடினம். இனநீதியில் கைகோத்தவர்கள் பாலஸ்தீனக் கேள்வியில் பிரிந்தார்கள். 2016இலேயே கறுப்பின இயக்கக் கூட்டமைப்பு ஒன்றின் கொள்கை அறிக்கை இஸ்ரேலை இனப்படுகொலையோடு சேர்த்துப் பேசியபோது இந்த விரிசல் தெரிந்ததுதான். அதைத் தொடவே கூடாது என்று விதி போட்டால், அறையில் எல்லோரும் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டு வேறெதையோ பேசுவார்கள். முதல் நாளே எடுத்தால் இரண்டாம் நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். மிச்சிகன் வரிசை இங்கே உதவுகிறது: பழக்கம் முதலில், சண்டை பிறகு. ஆனால் சண்டை வந்தே ஆக வேண்டும், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே ஆறு மாதம் தேநீர் குடிப்பதில் பயனில்லை.

இதையும் லெவின் கண்டிருந்தார். 1946இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நல்லெண்ணம் கொண்டவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் மூன்று விஷயத்தில் மூடுபனிக்குள் நிற்கிறார்கள் என்றார்: இப்போதைய நிலை என்ன, ஆபத்துகள் என்ன, எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் செய்ய வேண்டியது என்ன. வட்டம் முதல் இரண்டுக்கும் நன்றாகப் பதில் தருகிறது. மூன்றாவதற்கு வந்ததும் கலைந்துவிடுகிறது. காவலருக்குப் பயிற்சி தருவது, வாசலில் வரவேற்பவர் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்வது, ஞாயிறு பள்ளிப் பாடத்தில் கிழக்கு ஐரோப்பா மட்டுமல்லாமல் எத்தியோப்பியாவையும் கொச்சியையும் சேர்ப்பது, நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் ஒரு தொழுகைக்கூடம் தன் கையாலேயே செய்யக்கூடியவை. நகர மன்றத்தில் வீட்டு வசதிக்காகப் போராடுவதைவிடச் சிறியவைதான், ஆனால் இவற்றையே செய்யாமல் அங்கே போனால் யார் நம்புவார்கள்?

இப்போது சில இடங்களில் வட்டங்களைத் தனித்தனியாக நடத்துகிறார்கள், வெள்ளை யூதர்களுக்கு ஒன்று, வெள்ளையரல்லாதவர்களுக்கு ஒன்று, பிறகு சேர்ந்து ஒன்று. வெள்ளையர் தங்கள் குற்ற உணர்வை மற்றவர் தோளில் இறக்கிவைக்காமல் இருக்க இது உதவும், மற்றவர்களுக்கும் தங்களை நிரூபிக்காமல் பேச ஓரிடம் கிடைக்கும். எனக்கு அதில் பாதிச் சம்மதம். அந்த 17 விழுக்காட்டு வீடுகளில் ஒன்றிலிருந்து அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி) யூதத் தாயும் அவர் வளர்க்கும் கறுப்பின மகனும் சேர்ந்து வந்தால், வாசலில் அவர்களை இரண்டு அறைக்குப் பிரித்து அனுப்புவதா? முதல் நாள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, தேவைப்படுகிறவர்கள் தாங்களே தனி அறை கேட்கட்டும் என்று விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.